அணி விளையாட்டுக்களில் செய்மதித் தடங்காணல்

அணி விளையாட்டுக்களில் செய்மதித் தடங்காணல் என்பது, வீரர்கள் உடலில் அணிந்துகொள்ளும் சிறு கருவி ஒன்று செய்மதிகளிலிருந்து (செயற்கைக்கோள்களிலிருந்து) பெறும் சமிக்ஞைகளைக் கொண்டு, ஆடுகளத்தில் அவர்கள் இருக்கும் இடம், ஓடும் வேகம், கடந்த தூரம் ஆகியவற்றை அளக்கும் முறையாகும். இக்கருவி பொதுவாக ஜி.பி.எஸ். கருவி என்று அழைக்கப்படுகிறது. கையில்லாத இறுக்கமான உள்ளாடை ஒன்றின் பையில், இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையே, முதுகின் மேற்பகுதியில் இது பொருத்தப்படுகிறது. தொலைக்காட்சியில் காற்பந்தாட்டமோ துடுப்பாட்டமோ (கிரிக்கெட்) பார்ப்பவர்கள், சில வீரர்களின் சட்டைக்குள் கழுத்துக்குச் சற்றுக் கீழே தெரியும் சிறு புடைப்பைக் கவனித்திருக்கக்கூடும். அது பெரும்பாலும் இக்கருவியே.

காற்பந்தாட்டம், ரக்பி, ஆஸ்திரேலியக் காற்பந்தாட்டம், வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி), துடுப்பாட்டம் ஆகியவற்றில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. பயிற்சியின் அளவைத் திட்டமிடுவதும், காயமடைந்த வீரரைப் படிப்படியாக மீண்டும் ஆட்டத்துக்குக் கொண்டுவருவதும், போட்டியின்போது யாரை எப்போது மாற்றுவது என முடிவு செய்வதும் இதன் முதன்மையான பயன்கள். நீண்ட தூரங்களை நன்றாகவே அளக்கும் இக்கருவி, பயிற்சியாளர்கள் மிகவும் அறிய விரும்பும் குறுகிய, கடுமையான அசைவுகளை அளப்பதில் வலுக்குறைந்ததாக இருக்கிறது. இத்துறையில் நடைபெற்ற ஆய்வுகளில் பெரும்பகுதி இச்சிக்கலைச் சுற்றியே அமைந்துள்ளது.

வரலாறு

ஒரு வீரர் ஒரு போட்டியில் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்னும் கேள்வி, ஜி.பி.எஸ். தோன்றுவதற்கு முன்பே எழுந்தது. இங்கிலாந்தில் டாம் ரைலி, வான் தாமஸ் ஆகியோர் 1976 ஆம் ஆண்டில் தொழில்முறைக் காற்பந்தாட்ட வீரர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. பார்வையாளர் பகுதியில் அமர்ந்த நோக்குநர் ஒருவர் ஒரு வீரரை மட்டும் பின்தொடர்ந்து, அவர் நடக்கிறாரா, மெல்ல ஓடுகிறாரா, விரைந்து ஓடுகிறாரா என்பதை ஒலிப்பதிவு நாடாவில் சொல்லிக்கொண்டே வருவார். காலடிகளின் எண்ணிக்கையையும் களத்திலுள்ள அடையாளங்களையும் கொண்டு தூரம் கணிக்கப்பட்டது. அவ்வாறு கிடைத்த சராசரி ஏறத்தாழ 8.7 கிலோமீட்டர் ஆகும். ஒருவரை அளக்க ஒருவர் தேவை என்பதால், ஓர் அணி முழுவதையும் அளப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தது.

1990களின் பிற்பகுதியில் விளையாட்டரங்கைச் சுற்றிப் பல ஒளிப்படக்கருவிகளைப் பொருத்தி எல்லா வீரர்களையும் ஒருசேரப் பின்தொடரும் முறைகள் ஐரோப்பியக் காற்பந்தாட்டத்தில் அறிமுகமாயின. பிரான்சில் தோன்றிய அமிஸ்கோவும் இங்கிலாந்தில் தோன்றிய புரோசோனும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. எனினும் இவை அரங்கத்தோடு பிணைக்கப்பட்டவை. வாரத்தில் ஒருநாள் போட்டி நடக்க, மற்ற நாட்களில் பயிற்சி நடைபெறும் திடலில் இவை பயன்படவில்லை. வீரருடன் செல்லும் கருவியின் தேவை இங்கிருந்தே எழுந்தது.

ஜி.பி.எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையால் படைத்துறைத் தேவைக்காக உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்ததால், காட்டப்படும் இடம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை தவறாக இருக்கலாம். ஒரு காற்பந்தாட்டக் களத்தின் நீளமே அவ்வளவுதான். இந்நிலையிலும், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஈவ் ஷுட்சும் அவருடன் பணியாற்றிய சம்பாசும் 1997 ஆம் ஆண்டில், ஒரு மனிதரின் நடை, ஓட்டம், மிதிவண்டி ஓட்டம் ஆகியவற்றின் வேகத்தை ஜி.பி.எஸ். கொண்டு அளக்க முடியுமா என ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். இடம் பிழையாக இருந்தாலும் வேகத்தைப் பயன்படத்தக்க அளவில் அளக்கலாம் என்பது அவ்வாய்வால் தெரியவந்தது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டனின் ஆணைப்படி 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அச்செயற்கைப் பிழை நீக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே விளையாட்டுக்கான கருவிகள் விற்பனைக்கு வந்தன. இதில் ஆஸ்திரேலியா முன்னணியில் இருந்தது. கான்பராவைச் சேர்ந்த ஜி.பி. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் முதல் வணிகக் கருவிகளுள் ஒன்றை வெளியிட்டது. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவகமும் நுண்தொழில்நுட்ப ஆய்வு மையம் ஒன்றும் இணைந்து செய்த பணியிலிருந்து, 2006 ஆம் ஆண்டில் மெல்பேர்ன் நகரில் காட்டபுல்ட் என்னும் நிறுவனம் தோன்றியது. இது 2014 ஆம் ஆண்டில் ஜி.பி. ஸ்போர்ட்சை வாங்கியது. வட அயர்லாந்தின் நியூரி நகரில் 2007 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்டாட்ஸ்போர்ட்ஸ் மற்றொரு பெரிய நிறுவனம் ஆகும்.

செயற்படும் முறை

ஜி.பி.எஸ். செய்மதிகள் புவியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் தொடர்ந்து அறிவித்துக்கொண்டிருக்கும். சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் செய்மதிக்கும் கருவிக்கும் இடையிலுள்ள தூரம் கிடைக்கும். மூன்று செய்மதிகளிலிருந்து தூரம் தெரிந்தால் இடத்தைக் கணக்கிடலாம். ஆனால் வீரர் அணிந்துள்ள கருவியின் கடிகாரம் மலிவானது, துல்லியமற்றது. அதன் பிழையையும் ஓர் அறியாக் கணியமாகக் கொண்டு தீர்க்க வேண்டியிருப்பதால் நான்காவது செய்மதி தேவைப்படுகிறது. நேரக் கணக்கில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினாலும் தூரத்தில் 30 சென்டிமீட்டர் தவறும்.

வேகத்தை இரு வழிகளில் அறியலாம். அடுத்தடுத்த இரு இடங்களுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் வகுப்பது ஒரு வழி. மற்றொன்று டாப்ளர் விளைவைப் பயன்படுத்துவது. நம்மை நோக்கி வரும் தொடர்வண்டியின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதைப்போலவே, வீரர் ஓடும்போது செய்மதிச் சமிக்ஞையின் அதிர்வெண் மிகச் சிறிதளவு மாறுகிறது. ஜி.பி.எஸ். முதன்மைச் சமிக்ஞையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். செய்மதி இருக்கும் திசையில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அது ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் மட்டுமே மாறும். இச்சிறு மாற்றத்தை மின்னணுச் சுற்றுக்களால் நுட்பமாக அளக்க முடிவதால், டாப்ளர் முறையில் கிடைக்கும் வேகம் முதல் வழியில் கிடைப்பதைவிட நம்பத்தக்கது. இன்றைய விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் வேகத்தை இவ்வாறே பெறுகின்றன. இடம் சில மீட்டர் பிழையுடன் இருக்கும்போதும் வேகம் ஓரளவு சரியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வானத்தில் செய்மதிகள் எவ்வாறு பரந்துள்ளன என்பதும் முக்கியமானது. அவை எல்லாத் திசைகளிலும் விரிந்திருந்தால் கணக்கு நன்றாக அமையும். ஒரு மூலையில் குவிந்திருந்தால் பிழை பெருகும். உயர்ந்த பார்வையாளர் மாடங்களும் கூரைகளும் வானத்தின் ஒரு பகுதியை மறைப்பதோடு, சமிக்ஞையை எதிரொளித்துக் குழப்பவும் செய்கின்றன. இதனால் திறந்த பயிற்சித் திடலில் எடுக்கப்பட்ட அளவையும் பெரிய அரங்கில் எடுக்கப்பட்ட அளவையும் நேராக ஒப்பிடுவது சரியன்று. ரஷ்யாவின் குளோனாஸ் போன்ற பிற நாட்டுச் செய்மதிகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் கருவிகள் வந்தபின் இக்குறை ஓரளவு தணிந்துள்ளது.

இக்கருவிக்குள் செய்மதி ஏற்பியுடன் முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப், திசையறியும் காந்தமானி ஆகியனவும் உள்ளன. இவை பொதுவாக நொடிக்கு 100 தடவை பதிவு செய்பவை. தாவுதல், மோதுதல், திடீரெனத் திரும்புதல் போன்ற, செய்மதியால் காணமுடியாத அசைவுகளை இவையே காட்டுகின்றன. முதுகின் மேற்பகுதி தெரிவு செய்யப்பட்டதற்கு, அங்கிருந்து வானம் நன்றாகத் தெரிவதும், வீரர் விழுந்தால் அடிபடும் வாய்ப்பு குறைவாக இருப்பதும் காரணங்கள் ஆகும்.

அளக்கப்படுபவை

மொத்தத் தூரம் மிக எளிய அளவு. காற்பந்தாட்டத்தில் களவீரர் ஒருவர் ஒரு போட்டியில் பொதுவாக 10 முதல் 13 கிலோமீட்டர் வரை கடக்கிறார். ஆனால் இவ்வெண் தனித்து அதிகம் சொல்வதில்லை. நடந்தே 10 கிலோமீட்டர் கடந்தவரும், இடையிடையே நாற்பது தடவை விரைந்தோடி 10 கிலோமீட்டர் கடந்தவரும் ஒரே அளவு களைத்திருக்க மாட்டார்கள். எனவே தூரம் வேக வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஆடவர் காற்பந்தாட்டத்தில் மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேற்பட்டது உயர்வேக ஓட்டம் எனவும், 25.2 கிலோமீட்டருக்கு மேற்பட்டது விரைவோட்டம் எனவும் கொள்ளப்படுவது வழக்கம். இவ்வெல்லைகள் மரபால் வந்தவையேயன்றி உடலியங்கியல் விதிகளால் வந்தவை அல்ல. ஆடவர் எல்லைகளை மகளிர் ஆட்டத்துக்கும் அப்படியே பயன்படுத்தியதால், வீராங்கனைகளின் கடும் உழைப்பு பல ஆண்டுகள் குறைத்துக் காட்டப்பட்டது. உயர்நிலை மகளிர் காற்பந்தாட்டத்துக்கு மணிக்கு 12.5, 19, 22.5 கிலோமீட்டர் என்னும் தனி எல்லைகள் 2019 ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டன.

ஒரு வீரரின் உச்ச வேகமும், முடுக்கங்களின் எண்ணிக்கையும் பதிவு செய்யப்படுகின்றன. நொடிக்கு நொடி 3 மீட்டருக்கு மேல் வேகம் கூடினால் அல்லது குறைந்தால் அது கடும் முடுக்கம் அல்லது கடும் வேகத்தணிவு என எண்ணப்படுவது உண்டு. மூன்று திசைகளிலும் முடுக்கமானி காட்டும் மாற்றங்களைக் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் உடற்சுமை அளவும் உள்ளது. ரக்பியில் இதன் தேவை தெளிவாகத் தெரியும். ஸ்க்ரம் எனப்படும் நெருக்குப் பிடியில் எதிரணியை முழு வலுவுடன் தள்ளும் முன்வரிசை வீரர், செய்மதியின் கணக்கில் ஏறத்தாழ அசையாமல் நிற்பவரே ஆவார்.

துல்லியம்

கருவி நொடிக்கு எத்தனை தடவை இடத்தையும் வேகத்தையும் பதிவு செய்கிறது என்பது பதிவு வீதம் எனப்படும். முதல் தலைமுறைக் கருவிகளின் வீதம் 1 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒரு தடவை. பின்னர் 5 ஹெர்ட்சும் 10 ஹெர்ட்சும் வந்தன. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வீரர் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். அதற்குள் அவர் வளைந்து திரும்பியிருந்தால் 1 ஹெர்ட்ஸ் கருவி வளைவைக் காணாமல் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். இதனால் தூரம் குறைவாகக் காட்டப்படும். மாறாக, வீரர் நின்றுகொண்டிருக்கும்போது சமிக்ஞைப் பிழையால் இடம் சற்றே அங்குமிங்கும் அசைவதாகத் தோன்றி, ஓடாத தூரமும் கணக்கில் சேரக்கூடும். இவ்விரு பிழைகளும் எதிரெதிரானவை ஆதலால், போட்டி முழுவதற்குமான மொத்தத் தூரம் பெரும்பாலும் ஏற்கத்தக்கதாகவே அமைந்துவிடுகிறது. தனித்தனி ஓட்டங்களின் அளவு அவ்வாறு அமைவதில்லை.

2012 ஆம் ஆண்டில் மத்தேயு வார்லி, இயன் ஃபேர்வெதர், ராபர்ட் ஆகி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கணநேர வேகத்தை அளப்பதில் 10 ஹெர்ட்ஸ் கருவி 5 ஹெர்ட்ஸ் கருவியைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு துல்லியமானது எனக் கண்டறியப்பட்டது. நம்பகத்தன்மையில் வேறுபாடு ஆறு மடங்கு வரை இருந்தது. அதன்பின் 10 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ பொது அளவாயிற்று.

ஆனால் பதிவு வீதம் உயர்ந்ததால் மட்டும் சிக்கல் தீரவில்லை. 2014 ஆம் ஆண்டில் மார்ட்டின் பூஷைட்டும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் எளிய சோதனையைச் செய்தனர். ஒரே நிறுவனத்தின் ஐம்பது கருவிகளை ஒரு சறுக்குப் பலகையில் கட்டி, அதை ஓர் ஓட்டக்காரரைக் கொண்டு இழுக்கச் செய்தனர். ஐம்பதும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் சென்றவை. எனவே ஐம்பதும் ஒரே விடையைத் தந்திருக்க வேண்டும். உச்ச வேகத்தில் வேறுபாடு ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே இருந்தது. கடும் வேகத்தணிவுகளின் எண்ணிக்கையிலோ அது 56 விழுக்காடு வரை சென்றது. சில கருவிகள் மற்றவற்றைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு அதிகமான முடுக்கங்களையும் வேகத்தணிவுகளையும் எண்ணியிருந்தன. நிறுவனம் மென்பொருளை மேம்படுத்தியபோது, அதே வீரரின் எண்களும் மாறியதை அவ்வாய்வு சுட்டிக்காட்டியது.

இதன் நடைமுறை விளைவு எளிதாக விளங்கக்கூடியது. திங்கட்கிழமை ஒரு கருவியையும் வியாழக்கிழமை மற்றொன்றையும் அணிந்த வீரர், பயிற்சியில் சோம்பியவராகவோ அளவுக்கு மீறி உழைத்தவராகவோ தவறாகக் கணிக்கப்படலாம். எனவே ஒவ்வொரு வீரரும் பருவம் முழுவதும் ஒரே கருவியையே அணிய வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை ஆயிற்று. பல கழகங்களில் கருவிகள் வீரர் எண்ணிட்டு வைக்கப்படுகின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தரும் முடுக்க எண்ணிக்கைகளை ஒப்பிடுவது பொருளற்றது என்றே சொல்லலாம். ஒவ்வொன்றும் தரவை மென்மைப்படுத்தும் விதமும், முடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தால் எண்ணுவது என்னும் வரையறையும் வேறானவை. அவ்விதிகள் முழுமையாக வெளியிடப்படுவதும் இல்லை.

விளையாட்டுக்களில் பயன்பாடு

ஆஸ்திரேலியக் காற்பந்தாட்டம் இக்கருவிகளை முதலில் பெரிய அளவில் ஏற்றுக்கொண்ட விளையாட்டுக்களுள் ஒன்று. நீள்வட்டக் களம் 185 மீட்டர் வரை நீளமானது. ஓர் அணிக்கு 18 பேர். ஓட்டமே ஆட்டத்தின் உயிர். 2000களின் நடுப்பகுதியிலிருந்தே அங்கு போட்டிகளில் கருவி அணியப்பட்டது.

காற்பந்தாட்டம் இதில் பின்தங்கியது. பயிற்சியில் பல கழகங்கள் பயன்படுத்தி வந்தபோதும், வீரரின் உடையும் பொருட்களும் பற்றிய நான்காம் விதியின் காரணமாகப் போட்டிகளில் இதற்கு இடமில்லாதிருந்தது. பன்னாட்டுக் காற்பந்தாட்டச் சங்க வாரியம் 2015 ஆம் ஆண்டில், போட்டி அமைப்பாளர் இசைந்தால் கருவியை அணியலாம் என அனுமதித்தது. அணிபவருக்கோ மற்றவருக்கோ அதனால் ஆபத்து இருக்கக்கூடாது என்பது அடிப்படைக் கட்டுப்பாடு. 2018 ஆம் ஆண்டின் விதி மாற்றத்துக்குப் பின், அத்தரவுகளை ஆட்டத்தின்போதே பயிற்சியாளர் பகுதியில் சிறு மின்னணுக் கருவிகளில் பார்ப்பதும் இசைவு பெற்றது.

வளைதடிப் பந்தாட்டத்தில் உடனடித் தரவின் பயன் மிகுதி. அங்கு வீரர்களை எத்தனை தடவை வேண்டுமாயினும் மாற்றலாம்; வெளியே சென்றவர் மீண்டும் உள்ளே வரலாம். 15 நிமிடக் கால்பகுதி ஒன்றில் ஒரு வீரரின் உயர்வேக ஓட்டம் குறையத் தொடங்கியதைக் கணினித் திரையில் காணும் துணைப் பயிற்சியாளர், சில நிமிடங்கள் அவருக்கு ஓய்வளித்துத் திரும்ப அனுப்பச் சொல்ல முடியும். இந்திய அணிகளும் 2010களில் இம்முறையைக் கைக்கொண்டன.

துடுப்பாட்டம் ஓட்டத்தால் அறியப்படும் விளையாட்டு அன்று. பெரும்பாலான நேரம் நிற்பதிலும் நடப்பதிலும் கழிகிறது என்ற எண்ணம் பரவலானது. இவ்வெண்ணத்தைச் செய்மதித் தடங்காணல் திருத்தியது. கார்ல் பீட்டர்சனும் உடன் ஆய்ந்தவர்களும் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பலநாள் போட்டியில் வேகப்பந்து வீச்சாளர் ஒரு நாளில் சராசரியாக 22.6 கிலோமீட்டர் கடக்கிறார். அதில் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் விரைவோட்டம். காற்பந்தாட்ட வீரர் ஒருவர் ஒரு போட்டியில் கடக்கும் தூரத்தின் ஏறத்தாழ இருமடங்கு இது. மறுநாளும் அவர் பந்துவீச வேண்டியிருக்கலாம். குறுகிய ஆட்ட வகைகளில் மொத்தத் தூரம் குறைவாயினும், ஒரு மணி நேரத்துக்கான கடும் ஓட்டம் அதிகமாக இருந்தது. இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து சில நாட்களில் ஐந்து நாள் ஆட்டத்துக்கு மாறும் பந்து வீச்சாளரின் உடல் எதிர்கொள்ளும் மாற்றம் இவ்வெண்களால் கண்கூடாயிற்று.

வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நேரும் கொடிய காயங்களுள் ஒன்று கீழ்முதுகு எலும்பில் தோன்றும் மயிரிழை முறிவு. இளம் வீரர் ஒருவரை ஒரு பருவம் முழுவதும் களத்துக்கு வெளியே நிறுத்திவிடக்கூடியது அது. இதன் தொடர்பில் வீசப்பட்ட பந்துகளின் எண்ணிக்கை முக்கியமானது. போட்டியில் அதை மதிப்பெண் ஏட்டிலிருந்து பெறலாம். பயிற்சி வலையில் வீசிய பந்துகளை யாரும் எழுதி வைப்பதில்லை. கருவியிலுள்ள முடுக்கமானியும் ஜைரோஸ்கோப்பும் தரும் பதிவிலிருந்து, பந்துவீசும் அசைவைத் தானாகக் கண்டுபிடித்து எண்ணும் முறை 2010களில் உருவாக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், வீசப்பட்ட பந்துகளை அது ஏறத்தாழ தவறவிடவே இல்லை. ஆனால் போட்டிகளில், பந்துவீச்சு அல்லாத வேறு சில அசைவுகளையும் பந்துவீச்சாக எண்ணியது. இங்கு செய்மதி துணைப்பங்கே வகிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் 2018 ஆம் ஆண்டில் தேசிய அணிகளுக்கு இக்கருவிகளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் லண்டன் லார்ட்ஸ் அரங்கில், பாகிஸ்தான் வீரர்கள் சிலர் திறன்கடிகாரம் அணிந்திருந்ததைப் பன்னாட்டுத் துடுப்பாட்ட அவையின் ஊழல் தடுப்பு அலுவலர்கள் தடுத்தனர். செய்தி அனுப்பவோ பெறவோ வல்ல எதுவும் களத்துக்குள் செல்லக்கூடாது என்பது அவ்விதியின் நோக்கம். அளக்கும் கருவிக்கும் தொடர்புக் கருவிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு இந்நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு.

காயத்தை முன்கணித்தல்

கழகங்கள் இக்கருவிகளை வாங்குவதற்குச் சொல்லும் முதற் காரணம் காயத்தைத் தடுப்பது. இதற்கு மிகவும் பெயர்பெற்ற கணக்கு, அண்மைச்சுமைக்கும் நெடுஞ்சுமைக்கும் இடையிலான விகிதம் ஆகும். கடந்த ஒரு வாரத்தின் சுமையை, கடந்த நான்கு வாரங்களின் வாரச் சராசரியால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். வாரச் சராசரி 20 கிலோமீட்டராக உள்ள வீரர் இவ்வாரம் 30 கிலோமீட்டர் ஓடியிருந்தால் விகிதம் 1.5. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் காபெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், விகிதம் 0.8 முதல் 1.3 வரை இருந்தால் காய வாய்ப்பு குறைவு எனவும், 1.5 ஐத் தாண்டினால் மிகுதி எனவும் முன்வைத்தனர். 28 வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதன் தொடக்கங்களுள் ஒன்று. அதில் செய்மதித் தரவு அன்றி, வீசிய பந்துகளும் வீரர் தாமே சொன்ன களைப்பின் அளவும் கணக்கிடப்பட்டன. 2016 ஆம் ஆண்டில் காபெட்டின் கட்டுரை வெளிவந்தபின் இவ்விகிதம் உலகெங்கும் பரவியது. கருவி நிறுவனங்களின் மென்பொருள்களிலும் சிவப்பு, பச்சை நிறக் குறிகளாக இடம்பெற்றது. கடும் பயிற்சியே கேடு என்பதில்லை, திடீரெனக் கூட்டுவதே கேடு என்னும் அதன் அடிப்படைக் கருத்து பயிற்சியாளர்களுக்கு எளிதில் விளங்கியது.

பின்னர் கடும் விமரிசனங்கள் எழுந்தன. ஒரு வாரச் சுமை, நான்கு வாரச் சுமைக்குள்ளும் அடங்கியிருப்பதால் மேலெண்ணும் கீழெண்ணும் ஒன்றையொன்று சார்ந்தவை. காயத்தால் மூன்று வாரம் ஓடாத வீரர் நான்காம் வாரம் 1 கிலோமீட்டர் ஓடினாலும், 20 கிலோமீட்டர் ஓடினாலும் விகிதம் 4 என்றே வரும். இவ்விரண்டும் உடலுக்கு ஒன்றல்ல என்பதை விளக்கத் தேவையில்லை. 2020 ஆம் ஆண்டில் பிராங்கோ இம்பெல்லிசெரியும் மற்றவர்களும், இவ்விகிதத்துக்கும் காயத்துக்கும் காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை எனவும், இதைக் கொண்டு பயிற்சியை மாற்றுவதற்குப் போதிய அடிப்படை இல்லை எனவும் வாதிட்டனர். முன்னர் கூறிய அளவீட்டுப் பிழைகளும் இதனுடன் சேரும். ஒரு வீரரை அணியிலிருந்து நிறுத்திவைக்கும் முடிவு, பிழையுள்ள அளவை ஐயத்துக்குரிய விகிதத்தில் இட்டுப் பெற்ற எண்ணின்மேல் எடுக்கப்படலாம்.

இதனால் கருவி பயனற்றது என்றாகாது. பின்தொடைத் தசை கிழிந்து குணமடைந்து வரும் வீரர், தம் பழைய உச்ச வேகத்தில் எவ்வளவு விழுக்காட்டை எட்டியுள்ளார் என்பதை அறிய உச்ச வேக அளவே மிகவும் உதவுகிறது. அது இக்கருவியின் நம்பத்தக்க அளவுகளுள் ஒன்றுமாகும்.

உள்ளரங்குகளும் மாற்று முறைகளும்

கூரைக்குக் கீழே செய்மதிச் சமிக்ஞை பயன்படும் அளவில் எட்டாது. கூடைப்பந்து, கைப்பந்து, உள்ளரங்கக் கபடி போன்றவற்றுக்கு இம்முறை பொருந்தாது. ஆடவர் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர் மட்டுமே. வெட்டவெளியில் ஆடினாலும், சில மீட்டர் பிழையுள்ள இடக் கணிப்பு அக்களத்தில் பாடிச் செல்பவர் எப்பக்கத்தில் நிற்கிறார் என்பதைக்கூட உறுதியாகச் சொல்லாது. இத்தகைய இடங்களில் அரங்கைச் சுற்றி வானொலி நிலைகளைப் பொருத்தி அளக்கும் உள்ளூர் இடங்காணல் முறைகள் பயன்படுகின்றன. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் தேசியக் கூட்டிணைவில் தோள் காப்புக்களில் பொருத்தப்பட்ட வானொலிச் சில்லுகள் 2014 முதல் பயன்பாட்டுக்கு வந்தன. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 2013–14 பருவம் முதல் எல்லா அரங்கங்களிலும் ஒளிப்படக்கருவி முறை அமைக்கப்பட்டது.

தரவு யாருக்குரியது

வீரரின் உடலிலிருந்து பெறப்படும் தரவு அவருக்குரியதா, சம்பளம் தரும் கழகத்துக்குரியதா, கருவி செய்த நிறுவனத்துக்குரியதா என்பது இன்னும் பல நாடுகளில் தெளிவாகத் தீர்க்கப்படாத கேள்வி. வயது ஏற ஏற ஒரு வீரரின் உச்ச வேகம் ஆண்டுதோறும் சிறிது குறைந்து வருவது தரவில் தெரியும். அடுத்த ஒப்பந்தத்தைப் பேசும் மேசையில் அவ்வரைபடம் கழகத்தின் கையில் இருந்து, வீரரின் கையில் இல்லாவிட்டால் பேச்சு சமமாக நடவாது.

இதை நேரடியாக எதிர்கொண்ட உடன்பாடு அமெரிக்கக் கூடைப்பந்தில் ஏற்பட்டது. 2017 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி, உடலில் அணியும் கருவியை ஏற்பது வீரரின் விருப்பம். எது அளக்கப்படுகிறது என்பதை அணி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தரவை வீரர் முழுமையாகப் பார்க்கலாம். ஒப்பந்தப் பேச்சுக்களில் அதை எவ்விதத்திலும் பயன்படுத்தக்கூடாது; மீறும் அணிக்கு 2,50,000 டாலர் வரை தண்டம் விதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுக் காப்பு ஒழுங்குவிதி, உடல்நலத் தரவைச் சிறப்புக் காப்புக்குரிய வகையாகக் கொள்கிறது. பன்னாட்டுத் தொழில்முறைக் காற்பந்தாட்ட வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ, ஃபிஃபாவுடன் இணைந்து 2022 ஆம் ஆண்டில் வீரர் தரவு உரிமைகள் சாசனத்தை வெளியிட்டது. தம் தரவைப் பார்க்கவும், திருத்தவும், அழிக்கக் கோரவும், வேறு கழகத்துக்கு உடன் எடுத்துச்செல்லவும் வீரருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டில் ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கையொன்று, தொழில்முறை விளையாட்டில் வீரர்களிடமிருந்து திரட்டப்படும் தரவு, அதைக் கொண்டு உண்மையில் செய்யப்படுவதைவிட மிகுதியாக உள்ளது என்னும் கவலையை எழுப்பியது.

இவ்வுடன்பாடுகள் பெரும் சங்கங்களைக் கொண்ட வீரர்களையே முதன்மையாகக் காக்கின்றன. கருவிகளின் விலை குறைந்து, கல்லூரி அணிகளும் பதின்பருவப் பயிற்சி நிலையங்களும் இவற்றை வாங்கத் தொடங்கியுள்ளன. பதினைந்து வயது மாணவர் ஒருவர் தம் தரவைத் தர மறுத்தால் அணியில் இடம் கிடைக்குமா என்னும் கேள்விக்கு மேற்கூறிய சாசனங்களில் நேரான விடை இல்லை.